கூட்டினால் நூறு வரவேண்டும்

இருநூற்றுப் பதினைந்து வந்தது.

ஆசிரியை மறுபடியும் கூட்டினாள். மேலிருந்து கீழே கூட்டியாயிற்று, இனி கீழிருந்து மேலே கூட்டினால் ஒருவேளை மனமிரங்கிக் குறையுமோ என்று பார்த்தாள். அப்போதும் இருநூற்றுப் பதினைந்தேதான். ஐந்து பேர் சேர்ந்து ஐஸ் குச்சிகளால் ஒரு பாலம் கட்டுகிறார்கள். பாலம் இன்னும் பாதிதான் எழும்பியிருக்கிறது. அந்தப் பாதியில் இருநூற்றுப் பதினைந்து சதவீத வேலை நடந்திருப்பதாக ஐந்து படிவங்களும் சத்தியம் செய்தன.

"அவங்கவங்க எவ்வளவு வேலை செஞ்சீங்கன்னு மனசாட்சியோட எழுதுங்க" என்று படிவத்தை நீட்டியவள் அவளேதான். குழுத் தலைவி அறுபது போட்டிருந்தாள். அளவெடுத்துக் கணக்குப் போட்டவன் ஐம்பது. கோந்து தடவியவன் ஐம்பத்தைந்து. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து பேசப்போகிறவன், இன்னும் வாயே திறக்காத நிலையில், நாற்பத்தைந்து. ஐந்தாவது படிவத்தில் மட்டும், அழித்து அழித்து எழுதிய அடையாளத்தோடு, வெறும் ஐந்து. எதைக் கேட்டாலும் "உம்" என்று மட்டும் சொல்லும் ஒரு பெண்ணுடையது அது. வகுப்பில் அவளுக்குப் பெயரே உம் என்றாகிவிட்டது.

வெறும் மதிப்பெண் விவகாரமாக இருந்தால் ஆசிரியை தோராயமாக ஏதோ போட்டுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே இதுதான். மாணவர்கள் கூட்டாகச் செய்யும் வேலையில் யார் எவ்வளவு செய்தார்கள் என்று துல்லியமாக அளப்பது எப்படி? மூன்று வருஷமாக அதைத்தான் அளந்துகொண்டிருந்தாள். மாணவர்கள் அவளுக்கு 'நூத்துக்கு நூறு மேம்' என்று பெயர் வைத்திருந்தது அவளுக்கும் தெரியும். பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பேரையும் கூப்பிட்டாள்.

"கூட்டினா நூறு வரணும். இது ரெண்டாங்கிளாஸ் பாடம்."

"எனக்கு அறுபதுதான் மேம் வருது" என்றாள் தலைவி. "வேணும்னா இவங்களைக் குறைச்சுக்கச் சொல்லுங்க."

"நீ என்ன செஞ்சே? 'அதைச் செய், இதைச் செய்'னு சொன்னே" என்றான் கோந்துக்காரன்.

"சொல்லலேன்னா நீ செஞ்சிருப்பியா?"

"வெளியே போய்ப் பேசி, ஒரே தாள்ல எழுதிட்டு வாங்க. நூறுக்கு மேல ஒரு புள்ளி போகக்கூடாது" என்றாள் ஆசிரியை.

வராந்தாவில் அரை மணி நேரம் சந்தைக்கடைச் சத்தம் கேட்டது. பிறகு திடீரென்று அமைதி. ஐவரும் ஒரு தாளோடு உள்ளே வந்தார்கள். நால்வருக்கு ஆளுக்கு இருபத்தைந்து. உம்முக்குச் சைபர்.

"அவகிட்ட இருந்த அஞ்சு எங்க போச்சு?"

"ரவுண்ட் பண்ணிட்டோம் மேம்" என்றான் கணக்குக்காரன்.

"அவ சும்மாதான் மேம் உட்கார்ந்திருந்தா" என்றாள் தலைவி. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் குழு ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"நீ ஒத்துக்கிட்டியா?"

"உம்."

"நிஜமாவே நீ என்னதான் செஞ்சே?"

உம் தன் விரல் நுனிகளிலிருந்து தோலை உரித்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் பேசும்போது இப்படி விரலை நோண்டுவது ஆசிரியைக்குப் பிடிக்காத பழக்கம்.

"கூட இருந்தேன் மேம்."

"கூட இருக்கறதெல்லாம் ஒரு வேலையா?"

இதற்கு அந்தப் பெண் "உம்" கூடச் சொல்லவில்லை.

மறுநாள் புதன்கிழமை. புதன்கிழமை பதினோரு மணி என்றால் ஆசிரியைக்கு நெறியாளரைப் பார்க்கும் நேரம். ஆராய்ச்சிக்கு வழிகாட்ட வேண்டிய அந்த நெறியாளர் அவளைவிட நான்கு வயது சின்னவர். அவளுக்கு நாற்பத்தொன்று. பத்து வருஷம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவள், ஆறு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. தம்பி வயசுக்காரரை 'சார்' என்று கூப்பிடும்போதெல்லாம் நாக்கு லேசாகத் தடுக்கும். முதல் வருஷத்தோடு அது பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. அவர் பேசமாட்டார். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், எதைக் கேட்டாலும், "பாக்கலாம்" என்பார். அவ்வளவுதான்.

அன்றும் அப்படித்தான். கதவைச் சாத்தினார், கைபேசியை அணைத்து இழுப்பறைக்குள் போட்டார், அவள் கொடுத்த கடைசி அத்தியாயத்தைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பேனாவையே தொடவில்லை. பன்னிரண்டாவது பக்கத்தில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "அந்த அட்டவணை சரியில்ல சார். எனக்கே தெரியுது. மாத்திடறேன்."

"பாக்கலாம்" என்றார் அவர்.

மூன்று வருஷத்தில் ஒவ்வோர் அத்தியாயமும் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படித்தான் மாறியது. எல்லாம் அவளே கண்டுபிடித்து அவளே மாற்றியது. இவர் என்ன செய்தார்? எதிரே உட்கார்ந்திருந்தார். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் உம்மின் கதையை எடுத்துச் சொன்னாள்.

"நாலு பேர் உழைக்கிறாங்க சார். ஒருத்தி மட்டும் கூடவே உட்கார்ந்து வேடிக்கை பாக்கறா. அவளுக்கும் மார்க் போடணுமா?"

நெறியாளர் அதிசயமாக ஒரு முழுக் கேள்வி கேட்டார். "கூட உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எவ்வளவு போடலாம்னு நினைக்கிறீங்க?"

"சைபர்தான் சார். அதுதான் நியாயம். என் ஆராய்ச்சியே அதைத்தானே சொல்லுது?"

 அவர் இழுப்பறையைத் திறந்து மஞ்சள் நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் ஆசிரியை நாற்காலி நுனிக்கு வந்தாள்.

அந்த மஞ்சள் படிவம் கல்லூரி அலுவலகத்தின் புது ஏற்பாடு. இந்த ஆராய்ச்சியை வைத்து அவளும் நெறியாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரையைக் காட்டித்தான் அவள் பணி நிரந்தரம் கேட்டிருந்தாள். கட்டுரையில் பாதியாவது அவளுடைய உழைப்பாக இருந்தால்தான் நிரந்தரம். இருவரும் தத்தம் பங்கு எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதி, உறையில் ஒட்டி, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் கூட்டி நூறைத் தாண்டினால், பதவியில் மூத்தவர் எழுதியதே செல்லும். அதாவது இந்த மனிதர் தனக்கு ஐம்பத்தொன்று என்று கிறுக்கினால் போதும், அவளுடைய ஆறு வருஷமும் கோவிந்தா.

"நானும் இதை எழுதிக் கொடுக்கணும்ல?" என்றார் நெறியாளர்.

"ஆமா சார். நீங்க... எவ்வளவு சார்...?"

"பாக்கலாம்" என்றார்.

அவள் வெளியே வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருஷம் பேசாமல் இருந்த மனிதர் இன்றைக்குப் பார்த்து ஏன் கேள்வி கேட்டார்? சரி, மூத்தவர் எழுதியதே செல்லும் என்றால், மூத்தவரை எதிர்த்து நிற்க ஓர் ஆதாரம் வேண்டும். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாதபடி அளந்துகாட்டும் ஒரு முறையை, வெள்ளிக்கிழமை பாலத்தைச் சோதிக்க வரும் முதல்வரின் முன்னால் நிரூபித்துவிட்டால் அவள் பேச்சு எடுபடும். படியிறங்குவதற்குள் அந்த முறை தோன்றிவிட்டது. அப்படித் தோன்றும் யோசனைகளை ஒரு நாள் ஊறப்போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இனிமே ஆளுக்கு ஒரு கலர்" என்று பட்டறையில் அறிவித்தாள். "நீங்க ஒட்டற குச்சிக்கு உங்க கலரை அடிங்க. கடைசியில எண்ணிடலாம். சண்டையே இல்ல."

"அப்ப நான், மேம்?" என்று உம் கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"நீ லைப்ரரிக்குப் போ. 'கூட்டு உழைப்பின் மேன்மை'ன்னு நாலு பக்கம் எழுதிட்டு வா. அதுக்காவது மார்க் போடறேன்."

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே மஞ்சள் படிவத்தை விரித்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் எட்டிப் பார்த்தான்.

"எவ்வளவு போடப்போறே?"

"தொண்ணூத்தஞ்சு."

"அடேங்கப்பா! மீதி அஞ்சு அவருக்கா?"

"கையெழுத்துப் போட்டாரே, அதுக்கு. மூணு வருஷம் வாயே திறக்காத மனுஷனுக்கு அதுவே அதிகம்."

"அப்ப இந்த வீட்டுல என் பங்கு எவ்வளவுன்னு சொல்லு பாப்போம்."

"நீங்களே சொல்லுங்க."

"ஒரு ஐம்பது" என்றான் கணவன் கூசாமல். "குப்பையை நான்தானே கொண்டுபோய்ப் போடறேன்?"

"எனக்கு நாப்பது" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

அந்தக் கூட்டலுக்குள் இறங்க ஆசிரியைக்குத் தெம்பில்லை. தொண்ணூற்றைந்து என்று எழுதி, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக அதை அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அலுவலக எழுத்தருக்கு முத்திரை என்று பெயர். எந்தக் காகிதத்தையும் முத்திரை குத்தாமல் அவர் தொடமாட்டார். குத்திவிட்டால் பிறகு விடமாட்டார். உறையை வாங்கி முன்னும் பின்னும் குத்தினார்.

"சார் நேத்தே குடுத்துட்டாரு மேடம். பதினொன்னே முக்காலுக்கெல்லாம் வந்துட்டாரு" என்றார்.

பதினொன்றே முக்காலா? அவள் அறையை விட்டு வெளியே வந்ததே பதினொன்றரைக்கு. அப்படியென்றால் அவள் முதுகு மறைந்ததும் எழுதி ஒட்டிவிட்டு ஓடியிருக்கிறார். ஒரு வாக்கியம் பேச மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிற ஆள், தன் பங்கை எழுதக் கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பட்டறையில் வேலை பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பாலத்தின் மறுபாதி ஜொலித்தது. தேவையான இடத்தில் ஒரு குச்சி, அதைவிட ஒரு குச்சி கூட வைத்தால் ஒரு புள்ளி கூடும் என்று இன்னொரு குச்சி, பக்கத்துக் கலர் முந்திவிடக்கூடாதே என்று அதன்மேல் இன்னொன்று. பேச்சுக்காரன்கூடச் சட்டைக்கையை மடித்துவிட்டுக் களத்தில் குதித்திருந்தான். ஒட்டிய கையோடு ஒவ்வொருவரும் அடுத்த இடத்துக்குப் பாய்ந்தார்கள்.

"ஒட்டினது நிக்குமாடா?"

"காஞ்சிடும் மேம்" என்றான் கோந்துக்காரன், திரும்பிப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு முதல்வரும் நெறியாளரும் இன்னொரு பேராசிரியரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மேஜைகளுக்கு நடுவே பாலம் கிடந்தது. ஒரு பாதி வெளுத்த மரநிறத்தில் சாதுவாக, மறுபாதி திருமண மண்டப வாசல் மாதிரி. அதன்மேல் இருபது தடித்த புத்தகங்களை அடுக்க வேண்டும், அதுதான் சோதனை. உம் தன் நாலு பக்கக் கட்டுரையோடு கடைசி வரிசையில் இருந்தாள்.

பேச்சுக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "மதிப்பிற்குரிய பெரியோர்களே! இந்தப் பாலத்தின் உறுதிக்கு அடிப்படை..." என்று சொல்லி, கையிலிருந்த குச்சியால் பாலத்தை லேசாகத் தொட்டுக் காட்டினான்.

ஒரு புத்தகம்கூட வைக்கவில்லை. மறுபாதி மொத்தமும் சரசரவென்று உதிர்ந்தது. சிவப்பும் பச்சையுமாகத் தரையெல்லாம் ஓடியது. ஒரு நீலக் குச்சி முதல்வரின் தண்ணீர் டம்ளருக்குள் போய் நின்றது.

முதல்வர் அதை எடுத்து உதறினார். "இதுதான் உங்க ஆராய்ச்சியா மேடம்?"

 பேராசிரியர் கைக்குட்டைக்குள் சிரித்தார். நெறியாளர் மட்டும் குனிந்து, காலடியில் கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார்.

"பாக்கலாம்" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

பெரியவர்கள் போனதும் சண்டை தொடங்கியது. பொறுமையிழந்த ஆசிரியை ஆளுக்கொரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். "இது விழுந்ததுல யார் பங்கு எவ்வளவு? அதையாவது உண்மையா எழுதுங்க."

நான்கு தாள்களும் திரும்பி வந்தன. நான்கிலும் சைபர். கட்டியதற்கு இருநூற்றுப் பதினைந்து, விழுந்ததற்கு ஒன்றுமில்லை. இதை எந்த அட்டவணையில் சேர்ப்பது என்று தெரியாமல் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் மேஜையில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள்.

கலர் அடிக்காத பழைய பாதி அப்படியே முழுசாக இருந்தது. எழுந்து போய் அதைத் தூக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். ஓங்கி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஓர் இணைப்புகூட அசையவில்லை.

"இதுக்கும் அதுக்கும் ஒரே கோந்துதானா?"

"ஒரே டப்பாதான் மேம்" என்றான் கோந்துக்காரன்.

"அப்ப இது மட்டும் எப்படி நிக்குது? முன்னாடி எப்படி ஒட்டினே?"

"இதே மாதிரிதான் மேம். தடவி, வெச்சுட்டு, அடுத்ததுக்குப் போயிடுவேன்."

"நீ போயிடுவே. அது?"

கோந்துக்காரன் யோசித்தான். இதுவரை யோசிக்காத ஒன்றை யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. "அவ பிடிச்சுக்குவா மேம்."

எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்குவே?" என்று கேட்டாள் ஆசிரியை.

"காயற வரைக்கும் மேம்."

"காய எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம். அசைஞ்சா விட்டுடும். அதான் அசையாம உட்கார்ந்திருப்பேன்."

கணக்குக்காரன் பழைய பாதியின் இணைப்புகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே எண்ணினான். "எண்பது இருக்கு மேம். எண்ணூறு நிமிஷம். பதிமூணு மணி நேரம் இருபது நிமிஷம்." கடைசி இரண்டு வார்த்தைகளில் அவன் குரல் இறங்கிவிட்டது.

"இதை ஏன் சொல்லல நீ?"

"ஃபார்ம்ல 'செய்த வேலை'ன்னு இருந்துச்சு மேம். நான் ஒண்ணும் செய்யல. பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஆசிரியை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் படலம் படலமாகக் காய்ந்த கோந்து. உரிந்துகொண்டிருந்தது தோல் அல்ல. இரண்டு மாதமாக எதிரே நின்ற அந்தக் கையை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"அந்தக் கட்டுரையைக் குடு" என்றாள். வாங்கிய வேகத்தில் அதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். "இந்தத் தண்டனை எனக்குக் குடுத்திருக்க வேண்டியது."

"உம்" என்றாள் உம், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தலைவி தரையில் உட்கார்ந்து ஒரு சிவப்புக் குச்சியை எடுத்தாள். கோந்துக்காரன் தடவினான். இருவரும் உம்மைப் பார்த்தார்கள். "இல்ல, நான் பிடிச்சுக்கறேன், நீ தடவு" என்று உம்மிடம் சொல்லிவிட்டு, பேச்சுக்காரன் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஆசிரியை வராந்தாவுக்கு வந்தாள். அலுவலகம் அடுத்த கட்டடத்தில். பாதி தூரம் வருவதற்குள் அவள் நடை நின்றுவிட்டது.

மூன்று வருஷம். லீவு, பரீட்சை எல்லாம் போக, நூற்றிருபது புதன்கிழமையாவது இருக்கும். ஒரு புதன்கிழமைகூட அந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை. ஒருமுறை அவர் கால் எலும்பு முறிந்து, கட்டுப்போட்ட காலோடு, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மூன்று மாடி ஏறி வந்தார். அன்றைக்கும் பக்கம் பக்கமாகத் திருப்பினார், 'பாக்கலாம்' என்றார். 'வந்தும் ஒரு பிரயோஜனம் இல்ல' என்று அன்று மாலை கணவனிடம் புலம்பியது அவளுக்கு இப்போது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கத்தில் அவர் நிற்கிறாரோ அந்தப் பக்கம்தான் தப்பாக இருந்தது. ஒரு தடவைகூட வேறு பக்கத்தில் நின்றதில்லை. அப்படியென்றால் அவர் படித்திருக்கிறார். அவள் தானே கண்டுபிடிக்கும்வரை, கைபேசியை அணைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனிதரின் முகத்துக்கு நேராகத்தான், கூட உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சைபர் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. காதெல்லாம் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. கிட்டத்தட்ட ஓடினாள்.

"அந்த உறையைத் திருப்பிக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."

முத்திரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குத்தியாச்சே மேடம்."

"ஒரே ஒரு எண்ணு மாத்தணும்."

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு குத்தியிருக்கேன். இப்ப திரும்பக் குடுத்தா அந்த ரெண்டுக்கும் யார் பதில் சொல்றது?"

கெஞ்சினாள், எரிந்து விழுந்தாள், மறுபடியும் கெஞ்சினாள். கடைசியில், உறையைத் திரும்பப் பெற ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு ஒரு முத்திரை, பழைய படிவத்தை ரத்துசெய்ய ஒரு முத்திரை என்று மூன்று காகிதங்களில் விஷயம் முடிந்தது. புது மஞ்சள் படிவத்தை வைத்துக்கொண்டு அவள் பேனாவைக் கடித்தாள். அவர் ஐம்பத்தொன்று போட்டிருந்தால்? போட்டிருந்தாலும் தப்பென்று சொல்ல அவளுக்கு வாயில்லை. ஆனால் பாதிக்குக் கீழே இறங்கினால் நிரந்தரம் போய்விடும். அதற்குத் துணிச்சல் வரவில்லை. பாதிக்கு மேலே ஏற மனசு வரவில்லை. ஐம்பது என்று எழுதினாள். செய்த வேலை என்ற இடத்தில், 'எழுதியது' என்று ஒரே வார்த்தை.

"இப்பவே பிரிச்சுக் கூட்டிடறேன், இருங்க" என்றார் முத்திரை. "ரெண்டு உறையும் வந்தாச்சுன்னா ஒருத்தர் முன்னாடி பிரிக்கணும்னு விதி. உங்க முன்னாடியே பிரிக்கிறேன்."

அவளுடையதைப் பிரித்தார். ஐம்பது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நெறியாளரின் உறையின் ஓரத்தை அடிமட்டையால் நிதானமாகக் கிழித்தார். படிவத்தை வெளியே எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். ஆசிரியை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு போட்டிருக்கார்?"

"செய்த வேலை: கூட உட்கார்ந்திருந்தது" என்று வாசித்தார் முத்திரை. "சதவீதம்: சைபர்."

 ஆசிரியையின் கண்கள் நிறைந்தன. முத்திரை அதைக் கவனிக்கவில்லை. அவர் கூட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே கூட்டினார், கீழிருந்து மேலே கூட்டினார்.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன் மேடம், நூறைத் தாண்டாத ஃபைலையே நான் பாத்ததில்ல" என்றார் அவர் கவலையோடு. "தாண்டினா என்ன செய்யணும்னு விதி இருக்கு, குறைஞ்சா என்ன செய்யணும்னு யாரும் எழுதியே வைக்கல. அந்த மீதி ஐம்பது சதவீத வேலையைச் செஞ்ச ஆள் யாருன்னு சொல்லுங்க, அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு ஃபைலை மூடிடலாம்."